கலர்ல என்ன இருக்கு

அந்தத் தெருவில் இருக்கிற வீடுகள் அத்தனையும் ஒரே அச்சு. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மாடி வீடுகள், மாடிக்கு மேலே தகர ஷீட், ஷீட்டுக்கு மேலே கறுப்புப் பெயின்ட். ஏன் கறுப்பு என்று கேட்டால், வீடு விற்றவர்கள் அச்சடித்துக் கொடுத்த படத்தில் கறுப்பாகத்தான் இருந்தது என்பார்கள். அந்தப் படத்தில் மேகம் இருந்தது, புல்வெளி இருந்தது, வாசலில் ஒரு நாய்க்குட்டிகூட இருந்தது. மேகமும் வரவில்லை, புல்லும் வரவில்லை, நாய்க்குட்டி விலாசம் தெரியாமல் எங்கேயோ போய்விட்டது. கறுப்பு மட்டும் சொன்ன சொல் தவறாமல் வந்து சேர்ந்தது. அதையாவது காப்பாற்றுவோம் என்று குடியிருப்போர் சங்கம் ஒரு விதி போட்டது. யாரும் கூரையின் நிறத்தை மாற்றக் கூடாது. தெருவுக்கு ஒரு கம்பீரம் வேண்டுமாம்.

கம்பீரம் காலை பத்து மணிக்குக் காய ஆரம்பிக்கும். உச்சி வேளையில் மாடி அறைக்குள் போனால், அடுப்பில் வைத்த மூடிக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் சங்கக் கூட்டம் மட்டும் எப்போதும் தெருமுனைக் காவலாளி அறையில்தான். வீடுகள் வருவதற்கு முன்பே இருந்த அறை அது. மேலே பழைய ஓடு. இடிக்க மறந்துவிட்டார்கள்.

"இங்கதான் சிக்னல் நல்லா கிடைக்குது" என்பார் சங்கத் தலைவர், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

இப்படி ஒரு தெரு அமைந்தால் அங்கே ஒருவர் பிழைத்துக்கொள்ள மாட்டாரா? பிழைத்தார். அவர்தான் ஏசிக்காரர். தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு ஏசி மாட்டியது அவர். ரிப்பேர் பார்ப்பதும் அவர். குளிரவில்லை என்று புகார் வந்தால் பெரிய ஏசியாக மாற்றிக் கொடுப்பதும் அவரே. கரன்ட் பில்லைப் பார்த்து யாராவது தலையில் கைவைத்துக்கொண்டு, "கூரை கறுப்பா இருக்கிறதாலதான் இப்படியோ?" என்று இழுத்தால், ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சிரிப்பார்.

"கலர்ல என்னங்க இருக்கு? எல்லாம் டன்னுல இருக்கு."

எதிர்வீட்டு டீச்சருக்கு அதைச் சொல்லித்தான் ஒரு டன்னை ஒன்றரையாக்கினார். அடுத்த கோடையில் ஒன்றரையை இரண்டாக்கினார். டீச்சர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கே கணக்குக் காட்டியவர் நம் ஆள்.

ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுத்த அந்த மகானின் சொந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! கீழே நிழலான பெரிய அறை ஒன்று உண்டு. அதில் செத்துப்போன ஏசிகள் சுகமாகப் படுத்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடுகள், சுருட்டிவைத்த செம்புக் குழாய்கள், கேஸ் சிலிண்டர்கள். மாடியில் தகரத்துக்கு நேர் கீழே நீளமான அறை ஒன்று. அதில் உயிரோடு இருந்த அவர் மனைவி கேக் செய்துகொண்டிருந்தாள்.

சாதாரணக் கை இல்லை அவளுக்கு. வெளியூர் பேக்கரி ஒன்றில் வருடக்கணக்கில் நின்று பழகிய கை. க்ரீமில் ரோஜா வைத்தால் மோந்து பார்க்கத் தோன்றும். என்ன செய்ய, அந்த ரோஜா பன்னிரண்டு மணிக்கு மலர்ந்தால் ஒரு மணிக்குத் தலை தொங்கி, இரண்டு மணிக்குத் தட்டில் வழிந்துவிடும். டீச்சர் பேரனின் பிறந்த நாளுக்குக் கொடுத்த கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெழுகுவத்தியை ஊதுவதற்கு முன்பே படுத்துவிட்டது. அன்றிலிருந்து தெருவில் அவளுக்குச் 'சாஞ்ச கேக் அக்கா' என்று பெயர். கேட்டும் கேட்காத மாதிரி போவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

இந்த நிலைமையில்தான் கடைவீதியில் காபிக் கடை வைத்திருக்கும் முதலாளியம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "ஒரு வாரம் தினமும் ஒரு கேக் அனுப்பு. மூணு மணிக்கு வேன் வரும். எல்லாம் நேரா நின்னா, அப்புறம் எங்க கடைக்கு நீதான்."

ஒரு வாரம் நேராக நிற்க வேண்டும். மனிதர்களுக்கே கஷ்டம், இதில் க்ரீம் வேறு.

அவள் புருஷனிடம் வந்தாள். "என்னங்க, மேலே ஷீட்டுக்கு வெள்ளை அடிச்சா சூடு கொறையுமாம். தம்பி சொன்னான்."

"உன் தம்பி பெயின்ட் கடையில நிக்கிறான். பெயின்ட் அடின்னுதான் சொல்லுவான். மீன் விக்கிறவன் கோழி வாங்குன்னா சொல்லுவான்?"

"நீங்க ஏசி விக்கிறீங்க."

ஏசிக்காரர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மறுபடியும் செருகினார். "அது வேற" என்றார்.

வேறு ஒன்றும் இல்லை. ஏசிக்காரர் வீட்டுக் கூரையே வெள்ளையானால் தெரு என்ன கேட்கும்? 'கலர்ல என்ன இருக்குன்னியேய்யா' என்று கேட்கும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் சங்க விதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். விதியை மதிக்க வேண்டாமா என்றார். அதுவரை சங்கச் சந்தாவைக்கூட மதித்ததில்லை அவர். பெரிய மனது பண்ணி இரண்டு டன் ஏசி ஒன்றைக் கொண்டுவந்து மாடியில் மாட்டினார். வெளியே வைக்கிற அவுட்டோர் பெட்டியைக் கூரை ஷீட்டின் மேலேயே உட்கார வைத்தார். அது அவர் வழக்கம். ஸ்டாண்டு செலவு மிச்சம்.

"இனிமே கேக் என்ன, நீயே உறைஞ்சு போயிடுவ பாரு."

வாரத்தின் முதல் நாள். பன்னிரண்டு மணிவரை ஏசி ராஜா மாதிரி ஓடியது. பிறகு தெருவில் அத்தனை வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியில் 'டப்' என்று ஒரு சத்தம். அவுட்டோர் நின்றுவிட்டது. ஆறினால் ஓடும், ஓடினால் கொதிக்கும், கொதித்தால் நிற்கும். மூன்று மணிக்கு வேன் வந்தபோது கேக் தலையைச் சாய்த்து யாரிடமோ ரகசியம் பேசுகிற மாதிரி நின்றது. அவள் பின்பக்கம் ஒரு குச்சியைச் செருகி அனுப்பினாள்.

முதலாளியம்மா போனில் கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயம். "கேக் பாவம், களைச்சுப் போய் வந்திருக்கு. இன்னைக்கு விட்டுட்டேன்மா. இன்னொரு தடவை சாஞ்சா, மனசுல எதுவும் வெச்சுக்காம பிரிஞ்சுடுவோம்."

ஏசிக்காரர் மனைவி கத்தவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இதுவும் சரியா வரலேன்னா பழைய பேக்கரிக்கே போயிடறேங்க. முதல் பஸ்ல போய்க் கடைசி பஸ்ல வந்துடறேன். அங்கேயாவது கூரை உசரமா இருக்கும்."

அந்தப் பேக்கரிக் காலம் ஏசிக்காரருக்கு மறக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் விடுமுறை நாளில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். அவள் கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு வருவாள். மறுபடியும் அதுவா என்று நினைத்தபோது உண்மையாகவே கலங்கினார். கலங்கின மனுஷன் என்ன செய்தார்? ஏசியைக் கவனிக்கப் போனார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி ஷீட்டில் கையை வைத்தார். "ஐயோ அம்மா!" என்று கையை உதறினார். அந்தக் கொதிக்கிற தகரத்தின் மேல்தான் அவுட்டோர் பெட்டி உட்கார்ந்து, அங்கே எழும்புகிற அனலையே இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "பாவம்டா நீ" என்று அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார். கீழே போய், பழைய அவுட்டோர் கூடுகளுக்கு அடிக்க வைத்திருந்த வெள்ளைப் பெயின்டை எடுத்து வந்தார். அவுட்டோர் பெட்டிகளைக் கம்பெனிக்காரன் ஏன் வெள்ளையாகவே அனுப்புகிறான் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் யோசித்ததில்லை. இப்போதும் யோசிக்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஷீட்டில் வெள்ளை அடித்தார். மேலே ஒரு பலகையைக் கட்டி நிழல் வேறு போட்டார்.

ஏணியில் மனைவியின் தலை தெரிந்தது. "என்னங்க பண்றீங்க?"

"மெஷின் ரொம்பச் சூடாகுது. கீழே வெள்ளை அடிச்சா சூடு தாக்காது."

"மெஷினுக்குத் தாக்காது."

"ஆமா."

"எனக்குத் தாக்கலாம்."

ஏசிக்காரர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பெயின்ட் சொட்டு சொட்டாக அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. "மெஷின் கொஞ்சம் சென்சிட்டிவ்" என்றார்.

"ஓ."

கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த 'ஓ'வின் எடை தெரியும். எந்த ஏசியும் அத்தனை டன் கிடையாது.

மறுநாள் அவள் மேஜையை இழுத்து, வெள்ளை அடித்த இடத்துக்கு நேர் கீழே போட்டுக்கொண்டாள். ஸ்டூலில் ஏறி ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். மற்ற இடத்தில் கை வைக்க முடியவில்லை, அந்த இடத்தில் வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை. அன்றைக்கும் ஏசி இரண்டு முறை நின்றது. ஆனால் கேக் நின்றது. வேனில் ஏறி, தலை நிமிர்ந்து, ஊர்வலம் போகிற மாதிரி போனது.

"பார்த்தியா?" என்றார் ஏசிக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு. "அதான் டன்னுங்கிறது."

அவள் தம்பிக்குப் போன் போடப் போனாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவர் அவுட்டோரைப் பார்க்க ஏறினார். பாய் அளவு இருந்த வெள்ளை ஒரு ஜமக்காளம் அளவுக்கு ஆகியிருந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். அதற்கு மறுநாள் ஜமக்காளம் இரண்டாகியிருந்தது. பெயின்ட் கடை மச்சான் 'சும்மா அக்காவைப் பார்க்க' வந்துவிட்டு, கனமான பையோடு மாடிக்குப் போய் வெறும் பையோடு இறங்கி வந்தான். "ஏசி பிரமாதம், மாமா" என்று வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். மனைவியின் காது மடலில் வெள்ளைப் புள்ளி இருந்தது. அது கேக் க்ரீம் என்று ஏசிக்காரர் தனக்குத் தானே முடிவு செய்துகொண்டார். கேட்கலாம்தான். கேட்டால் பதில் வருமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். சாப்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டால் அப்படியொன்றும் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு அவர் கூரை ஏறுவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. மாடி அறையின் மூலையில் அவருக்கு ஒரு கட்டில் உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு அதில் ஒரு தூக்கம் போடாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது சேராது. அறை முழுக்க நாளுக்கு நாள் இதமாகிக்கொண்டே வந்தது. அவர் கட்டில் மட்டும் சட்டி மாதிரி காய்ந்தது.

"எனக்கு மட்டும் ஏன் இப்படிப் புழுங்குது?"

"ஏசிக் காத்து அந்த மூலைக்கு எட்டலை போலங்க" என்றாள் அவள், க்ரீமைக் கலக்கிக்கொண்டே. "டன் பத்தலையோ என்னவோ."

கடைசி நாள் வந்தது. காலையிலேயே எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார். இரண்டு டன் ஏசி செத்துவிட்டதாம். போய்ப் பார்த்தார் ஏசிக்காரர். அவுட்டோரில் கெப்பாசிட்டர் போயிருந்தது. டப்பா மாதிரி சின்ன சாமான்தான், ஆனால் அது இல்லாமல் கம்ப்ரஸர் கிளம்பாது. உதிரி சாமான் கடை திறக்க நேரமாகும். டீச்சரோ, "இப்பவே ஓடணும். இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏசி ரிப்பேர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் சொந்த வீட்டு மெஷினில் கைவைப்பது. ஏசிக்காரர் தன் வீட்டு ஏணியில் ஏறினார். கண்ணை அவுட்டோர் பெட்டியை விட்டு அங்கே இங்கே நகர்த்தாமல், கல்யாணப் பெண் மாதிரி குனிந்த தலை நிமிராமல், கெப்பாசிட்டரைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். டீச்சர் வீட்டு ஏசி ஓடியது. கடை திறந்ததும் புதிது வாங்கி வந்து தன்னுடையதில் மாட்டிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது. போனார், கேஸ் அடித்தார், டீ குடித்தார்.

வெயில் உச்சந்தலையில் ஏறியபோதுதான் நினைவு வந்தது. கடைசி நாள்! அவள் கேக்! அங்கே ஏசியில் வெறும் காற்றாடிதான் சுற்றும், குளிர் ஒரு சொட்டும் வராது. அவளிடம் சொல்லக்கூட இல்லை. ஸ்கூட்டரை முறுக்கினார். வழியெல்லாம் அவர் கண்ணில் அந்த வீங்கின கால்கள்தான் தெரிந்தன. 'கடவுளே, இந்த ஒரு தடவை' என்று வாய்விட்டே சொன்னார்.

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று தலைவருடையது, மற்றது டீச்சருடையது. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார்.

மேஜையில் கேக் நின்றுகொண்டிருந்தது. இரண்டு அடுக்கு. பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நின்றது. அவள் குனிந்து கடைசி ரோஜாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலைவர் ஏசிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, கையில் ஒரு நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தார். காவலாளி அறையில் நீட்டுகிற மாதிரியே காலை நீட்டியிருந்தார்.

"வாங்க ஏசிக்காரரே! உங்க கூரை வெள்ளையா இருக்காம், தெருவுல கண்ணு கூசுதாம். நோட்டீஸ் குடுக்க வந்தேன்."

தெருவில் எல்லா வீடும் ஒரே உயரம். கூரையைப் பார்த்துக் கண் கூசிப் புகார் கொடுத்தது காக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

"அதை விடுங்க" என்றார் தலைவர். "என்னய்யா இது, இவ்வளவு இதமா இருக்கு! எங்க வீட்டுல ரெண்டு ஏசி ஓடுது, அப்பவும் மாடியில உக்கார முடியலை. கரன்ட் பில்லைப் பார்த்தா நெஞ்சு அடைக்குது. இது எத்தனை டன்?"

ஏசிக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"எவ்வளவா இருந்தாலும் பரவாயில்லை" என்றார் தலைவர். "இதே மாதிரி எனக்கு ரெண்டு போட்டுடுங்க. கூரையை மட்டும் நாளைக்குள்ள கறுப்பாக்கிடுங்க. விதின்னா விதி."

"எனக்கும் இதேதான்" என்றார் டீச்சர். "நீங்க காலையில சரிபண்ணின பிறகும் எங்க மாடி வேகுது."

பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. 'மூணு டன்' என்று சொன்னால் போதும், ஒரே மூச்சில் பல ஏசி விற்றுவிடும். கூரை கறுப்பாகும். நாளையிலிருந்து கேக் சாயும். ஏசிக்காரர் மனைவியைப் பார்த்தார். ரோஜா பிழிந்த கை அப்படியே நின்றிருந்தது. அவள் கேக்கைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் என்ன சொல்லுவான் என்று தெரிந்தவள் மாதிரி, களைத்துப் போய்ப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தகரத்தில் கைவைத்ததைவிட அதிகமாகச் சுட்டது.

"டன் இல்லைங்க" என்றார்.

"அப்புறம்?"

"டப்பா. பெயின்ட் டப்பா."

தலைவர் சிரித்தார். "ஜோக் அடிக்காதீங்க. தலைக்கு மேல காத்து வருதே."

"அது வெறும் ஃபேன். கம்ப்ரஸர் காலையிலேர்ந்து ஓடலை. அதோட கெப்பாசிட்டர் டீச்சர் வீட்டு ஏசியில இருக்கு."

அவள் திடுக்கிட்டு ஏசியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேக்கைப் பார்த்தாள். அது அசையவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடைத்தாள் திருத்துகிற குரலில் கேட்டார். "என்னை ரெண்டு டன் போடச் சொன்னீங்களே?"

"சொன்னேங்க."

"கலர்ல ஒண்ணுமில்லைன்னீங்களே?"

"அதையும் நான்தாங்க சொன்னேன்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துத் தலைவர் முன்னால் போட்டாள். "ஏறி ஷீட்டைத் தொட்டுப் பாருங்கய்யா. அப்புறம் உங்க வீட்டுக்குப் போய் அங்கேயும் தொட்டுப் பாருங்க. சுட்டா பூசப் பர்னால் வாங்கி வெச்சுக்கிட்டுத் தொடுங்க."

தலைவர் ஏறினார், பயந்து பயந்து விரல் நுனியால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். இறங்கி வந்து நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதைப் பத்திச் சங்கத்துல பேச வேண்டியதுதான். கூட்டம் போடுவோம்."

"எங்கே? காவலாளி ரூம்லயா?" என்று கேட்டார் டீச்சர்.

தலைவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இங்கேயே போடலாமே. இங்கேயும் சிக்னல் நல்லா கிடைக்குது."

மூன்று மணிக்கு வேன் வந்தது. கேக் போனது. நாலு மணிக்கு முதலாளியம்மாவின் போன் வந்தது. அவள் பேசினது ஒரே வரி. "நாளைக்கும் அனுப்பு, நாளன்னைக்கும் அனுப்பு, நான் போதும்ங்கிற வரைக்கும் அனுப்பு." மனைவி போனை வைத்துவிட்டு, மாவு ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏசிக்காரர் பக்கத்தில் நின்றார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "கெப்பாசிட்டர் விஷயம் சொல்லாம விட்டது தப்புதான்" என்று அதில் ஆகச் சின்னதை எடுத்துச் சொன்னார்.

"அது பரவாயில்லைங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசிக்காரர் வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்தார். வழக்கம்போல வெந்தார். டீச்சரிடமிருந்தும் தலைவரிடமிருந்தும் எத்தனை டப்பா வேண்டும் என்று விடாமல் போன் வந்துகொண்டிருந்தது. தூக்கம் எங்கே வரும்? சரி, நம் கூரையில் மிச்சம் மீதி இருந்தால் முடித்துவிடுவோம், மனைவிக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று பெயின்டும் பிரஷ்ஷுமாக ஏணி ஏறினார். இந்தத் தடவை தலையை நிமிர்த்தி நன்றாகவே பார்த்தார்.

கூரை முழுக்க வெள்ளை. கண்ணைப் பறித்தது. ஓர் ஓரம், ஒரு திருகாணி பாக்கி வைக்கவில்லை. பிரஷ் ஓடின தடமெல்லாம் ஒரே சீர். க்ரீம் தடவுகிற கையல்லவா! மூலையில் மட்டும் ஓர் இடம் கறுப்பாக இருந்தது. பெயின்ட் தீர்ந்துபோய் விட்ட இடம் மாதிரி தெரியவில்லை. நாலு பக்கமும் கோடு போட்டுக் கத்தரித்த மாதிரி, நீளமாக, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இருந்தது. அவர் கூரையின் விளிம்பைப் பார்த்தார், கீழே ஜன்னல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டார். அதற்கு நேர் கீழே அவருடைய கட்டில்.

"ஏய்!" என்று கூரையிலிருந்தே கத்தினார். "இங்க மட்டும் ஏன் அடிக்காம விட்டுட்ட?"

கீழேயிருந்து க்ரீம் கலக்குகிற சத்தம் நின்றது.

"விடுங்க" என்றாள் அவள். "கலர்ல என்ன இருக்கு?"